விலங்கியல் பூங்கா: தோற்றமும் வளர்ச்சியும்



கல்விச் சுற்றுலா என்றதும் நம் பிள்ளைகள் முதலில் கேட்பது மிருகக்காட்சிச்சாலையைத்தான். சென்று திரும்பியதும் அதைப் பற்றிக் கட்டுரையும் எழுதுகின்றனர். யானையைக் கண்டோம், புலியைக் கண்டோம், பாம்பைக் கண்டு அஞ்சினோம் என்னும் செய்திகள் அக்கட்டுரைகளில் நிறைந்திருக்கும். ஆனால், அவ்விலங்குகள் அங்கு வந்து சேர்ந்த வரலாறு யாது? அப்பூங்காவை அமைத்தவர் யாவர்? அன்றாடம் அதனைத் தாங்கி நிற்பவர் யாவர்? இவ்வினாக்களுக்கு விடை காணும் பொருட்டே இப்பாடத்தை எழுத முற்பட்டோம். மாணவர் வாசிக்க, பெற்றோர் அருகிருந்து கேட்பாராயின் பெரிதும் மகிழ்வோம்.

சொல்லும் பொருளும்

நம் முன்னோர் ‘மிருகக்காட்சிச்சாலை’ என்றனர். இன்று ‘விலங்கியல் பூங்கா’ என்றும் ‘உயிரியல் பூங்கா’ என்றும் எழுதுகின்றோம். முன்னைய சொல்லில் காட்சி என்பதே முதன்மை பெற்றது. விலங்கைக் கண்டு வியப்பதற்குரிய இடம் என்பது அதன் பொருள். பின்னைய சொற்களில் இயல் என்னும் அறிவுத்துறை இடம் பெற்றுள்ளது. விலங்கை அறிந்து, பேணி, அதன் இனம் அழியாது காக்கும் இடம் என்பது இவற்றின் பொருள். காட்சியிலிருந்து காப்புக்கு மாறிய இந்த மாற்றமே விலங்கியல் பூங்காக்களின் வளர்ச்சி வரலாறு எனலாம்.

அரண்மனையிலிருந்து மக்களிடம்

பண்டைக் காலத்தில் அரிய விலங்குகளை வைத்திருத்தல் அரசர்களின் பெருமைக்கு அடையாளமாக இருந்தது. ஆஸ்திரிய நாட்டின் வியன்னா நகரில் 1752-ஆம் ஆண்டு பேரரசரின் அரண்மனைத் தோட்டத்தில் அமைக்கப்பட்ட விலங்குச்சாலை இன்றளவும் இயங்கி வருகின்றது. உலகில் இன்று இயங்கும் விலங்கியல் பூங்காக்களுள் அதுவே மிகப் பழைமையானது. பிரெஞ்சுப் புரட்சி நிகழ்ந்தபோது, வெர்சேல்ஸ் அரண்மனையில் எஞ்சியிருந்த விலங்குகள் பாரிஸ் நகரத் தாவரத் தோட்டத்திற்குக் கொண்டுவரப்பட்டன. மன்னரின் உடைமையாக இருந்தவை மக்களின் உடைமையாயின.

இதன் பின்னர் வந்தது இலண்டன் விலங்கியல் சங்கம். 1826-ஆம் ஆண்டு இச்சங்கத்தை நிறுவி அதன் முதல் தலைவராக விளங்கியவர், சிங்கப்பூரை நிறுவியவராக நம் வரலாற்றுப் பாடம் குறிப்பிடும் ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ் ஆவார். அவர் சுமத்திராவின் பெங்கூலனில் பணியாற்றிய காலத்தில் இப்பகுதியின் விலங்குகளையும் தாவரங்களையும் பெருமளவில் திரட்டினார். 1824-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அவர் தாயகம் திரும்பப் புறப்பட்ட கப்பல் தீப்பற்றி எரிந்தது. உயிர்கள் தப்பின, திரட்டிய செல்வமெல்லாம் கடலோடு போயிற்று. அப்பேரிழப்பிற்குப் பின்னரும் மனம் தளராது இலண்டனில் சங்கம் கண்டார். சங்கம் தோன்றிய அதே ஆண்டில் அவர் மறைந்தார். ஆயினும் அவரோடு சங்கம் மறையவில்லை. 1828-இல் சங்கத்தின் பூங்கா உறுப்பினர்களுக்காகத் திறக்கப்பட்டது. 1847-இல் பொதுமக்களுக்கும் அதன் கதவு திறந்தது.

இங்கே ஓர் உண்மையை நாம் மனத்திற் பதித்தல் வேண்டும். தனி ஒருவர் தொடங்கிய பணி, பலர் கூடிய சங்கத்தின் பணியாக மாறியதால் அவருக்குப் பின்னும் நிலைத்தது. இவ்வுண்மையை உரைகல்லாகக் கொண்டு நம் வட்டாரத்து வரலாற்றைப் பார்ப்போம்.

சிங்கப்பூரில் நின்றுபோன இரு முயற்சிகள்

சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தில் 1875-ஆம் ஆண்டு ஒரு விலங்குச்சாலை தொடங்கப்பட்டது. ஆளுநராக இருந்த ஆண்ட்ரூ கிளார்க் ஒரு காண்டாமிருகத்தை அன்பளிப்பாக வழங்கினார். வேறு பலரும் விலங்குகளை அன்பளித்தனர். விலங்கை அன்பளிப்பது எளிது. நாள்தோறும் அதற்கு உணவளிப்பது அரிது. போதிய நிதி இன்மையால் அவ்விலங்குச்சாலை நலிவுற்று 1905-ஆம் ஆண்டு மூடப்பட்டது.

அடுத்த முயற்சி இந்தியர் ஒருவருடையது என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. சிங்கப்பூரில் வாழ்ந்த வில்லியம் லாரன்ஸ் சோமா பசப்பா என்னும் செல்வந்தர் விலங்குகள்பால் பேரன்பு கொண்டவர். சிராங்கூன் சாலையில் இருந்த தம் இல்லத்திலேயே முதலில் விலங்குகளை வளர்த்தார். அவை பெருகவே, 1928-இல் பொங்கோல் கடற்கரைப் பகுதியில் பெரியதொரு விலங்குச்சாலையை அமைத்தார். ‘அப்பாய்’ எனப் பெயரிட்ட புலியை அவர் செல்லமாக வளர்த்தார். புலியும், சிறுத்தையும், ஓராங் ஊத்தானும், எண்ணற்ற பறவைகளும் அங்கிருந்தன. நகரத்திலிருந்து தொலைவில் இருந்தபோதிலும் மக்கள் அதனைக் காணச் சென்றனர்.

பின்னர்ப் போர் வந்தது. ஜப்பானியப் படை நெருங்கிய வேளையில், பொங்கோல் நிலம் தற்காப்புக்குத் தேவை என்று பிரிட்டிஷ் படையினர் கருதினர். விலங்குகளை ஒரு நாளுக்குள் அகற்றுமாறு பசப்பாவுக்குக் கட்டளை பிறந்தது. இருநூறு விலங்குகளை ஒரே நாளில் ஒருவர் எங்கே கொண்டு செல்வார்? கொடிய விலங்குகள் சுட்டுக் கொல்லப்பட்டன. பறவைகளும் தீங்கற்ற விலங்குகளும் திறந்து விடப்பட்டன. மனம் உடைந்த பசப்பா 1943-இல் காலமானார். அவருடைய அன்பில் குறையில்லை, உழைப்பிலும் குறையில்லை. எனினும், தனி ஒருவரின் தோளில் ஏற்றிய சுமை, அத்தோள் சாய்ந்த அன்றே தரையில் வீழ்ந்தது.

மக்கள் கண்ட பூங்கா

1957-ஆம் ஆண்டு, மலாயா விடுதலை பெற்ற ஆண்டு. அவ்வாண்டு மலாயா வேளாண்மை, தோட்டக்கலைச் சங்கம் கோலாலம்பூரில் நடத்திய கண்காட்சியில் சிறியதொரு விலங்குச்சாலையும் இடம் பெற்றது. மக்கள் அதனைக் காணத் திரண்டனர். அந்த ஆர்வத்தைக் கண்ட பின்னரே, நாட்டுக்கென ஒரு விலங்கியல் பூங்கா வேண்டும் என்னும் எண்ணம் உருப்பெற்றது. ஆகவே, தேசிய விலங்கியல் பூங்காவுக்கு வித்திட்டவர்கள், கண்காட்சிக்கு வந்து வரிசையில் நின்ற பொதுமக்களே எனல் மிகையன்று.

இக்காலத்தில் பிற ஊர்களும் வாளா இருக்கவில்லை. பேராக் மாநிலத்தின் தைப்பிங் நகரில் 1961-ஆம் ஆண்டு விலங்கியல் பூங்கா தோன்றியது. ஏரித் தோட்டத்தின் அருகே, மலையின் அடிவாரத்தில் அமைந்த அப்பூங்கா இன்று தைப்பிங் நகராண்மைக் கழகத்தின் பொறுப்பில் இயங்குகின்றது.

கோலாலம்பூருக்கு வடகிழக்கே உள்ள உலு கிள்ளானில் ஏறத்தாழ 110 ஏக்கர் நிலத்தில் தேசிய விலங்கியல் பூங்கா எழுந்தது. 1963-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 14-ஆம் நாள் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் அதனைத் திறந்து வைத்தார். மலேசியா உதயமாகி இரு திங்கள்கூட நிறைவுறாத காலம் அது. புதிய நாடு ஒன்று தன் மக்களுக்காகத் திறந்த முதற் பொதுவிடங்களுள் அதுவும் ஒன்று.

அப்பூங்காவை நடத்துவது அரசாங்க இலாகா அன்று. மலேசிய விலங்கியல் சங்கம் என்னும் அரசு சாரா அமைப்பே நடத்துகின்றது. நுழைவுச் சீட்டுப் பணம், உறுப்பினர் கட்டணம், நிறுவனங்களின் ஆதரவு, அன்பர்களின் நன்கொடை ஆகியவை சேர்ந்துதான் விலங்குகளின் உணவும், மருந்தும், பணியாளரின் ஊதியமும் ஆகின்றன. நம் பிள்ளைகள் சுற்றுலாவின்போது கொடுத்த நுழைவுக் கட்டணத்திலும் ஒரு யானையின் ஒரு பிடிப் புல் அடங்கியுள்ளது. ஊர் கூடித் தேர் இழுத்தல் என்பது இதுவே.

சிங்கப்பூரின் திறந்தவெளிப் பூங்கா

சிங்கப்பூரிலும் காலம் கனிந்தது. பொதுப் பயனீட்டுக் கழகத்தின் தலைவராக இருந்த டாக்டர் ஓங் சுவீ லா, நீர்த்தேக்கங்களைச் சுற்றியிருந்த காட்டு நிலத்தின் ஒரு பகுதியை விலங்கியல் பூங்காவாக்கலாம் என 1969-இல் எண்ணினார். இத்துறையில் பட்டறிவு மிக்கவரைத் தேடியபோது, இலங்கையின் தெகிவளை விலங்கியல் பூங்கா இயக்குநர் லின் டி அல்விஸ் ஆலோசகராக வந்து துணைபுரிந்தார். 1973-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் நாள், 72 இனங்களைச் சேர்ந்த 272 விலங்குகளுடன் அப்பூங்கா திறக்கப்பட்டது.

இரும்புக் கம்பிக் கூண்டுகளை இயன்றவரை தவிர்த்து, அகழி, நீர்நிலை, பாறை, செடிகொடி ஆகியவற்றையே வேலியாக அமைத்தமை இப்பூங்காவின் சிறப்பு. விலங்கு தன் இயல்பான சூழலில் உலவுவது போன்ற தோற்றம் காண்போர்க்குக் கிடைத்தது. விலங்கிற்கும் ஓடியாட இடம் கிடைத்தது. தேசிய விலங்கியல் பூங்காவிலும் பெரும்பாலான விலங்குகள் இவ்வாறே பரந்த வெளிகளில் விடப்பட்டுள்ளன.

அப்பூங்காவில் வாழ்ந்த ‘ஆ மெங்’ என்னும் பெண் ஓராங் ஊத்தானை அறியாதார் இலர். ஒரு குடும்பத்தார் சட்டத்திற்குப் புறம்பாக வீட்டில் வளர்த்து வந்த அவ்விலங்கு, 1971-இல் மீட்கப்பட்டது. பின்னர்ப் பூங்காவின் செல்லப் பிள்ளையாயிற்று. 2008-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் நாள் அது இறந்தபோது நடைபெற்ற இரங்கல் நிகழ்ச்சியில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டனர். ஒரு விலங்கின் பிரிவுக்காக மக்கள் இவ்வளவு பேர் கூடினர் என்றால், அப்பூங்கா அவர்களுடையதாகிவிட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

பூங்காவின் ஒரு நாள்

பால்மரம் வெட்டுவோர் விடியுமுன் எழுவதைப் போன்றே விலங்குக் காப்பாளரும் விடியற்காலையில் பணி தொடங்குகின்றனர். இருப்பிடத்தைக் கழுவ வேண்டும். சாணத்தைப் பார்த்து உடல்நலம் அறிய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் உரிய உணவை அளந்து வைக்க வேண்டும். வளர்ந்த ஆசிய யானை நாளொன்றுக்கு 150 கிலோ வரை புல்லும் தழையும் உண்ணும். புலிக்கு இறைச்சி, நாரைக்கு மீன், இருவாய்ச்சிப் பறவைக்குப் பழம், பாம்புக்கு எலி என உணவு வேறுபடும். நோயுற்ற விலங்கு தன் நோயை வாய்விட்டுக் கூறாது; கூர்ந்து நோக்கும் காப்பாளரின் கண்ணே அதன் நாவாகும்.

புதிதாக வந்த விலங்கை உடனே பிறவற்றோடு விடுவதில்லை. நோய் பரவாதிருக்கச் சில காலம் தனித்து வைத்து மருத்துவர் சோதிப்பர். ஒவ்வொரு குட்டியின் பெற்றோர் யார் என்பதைப் பதிவேட்டில் எழுதி வைப்பர். நெருங்கிய உறவுடைய விலங்குகள் இணைந்து, பலமற்ற குட்டிகள் பிறவாதிருக்க இப்பதிவேடு உதவுகின்றது. இவ்வேலைகளுக்கு ஞாயிறும் இல்லை, பண்டிகையும் இல்லை.

சோதனைக் காலம்

2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள், கொரோனா நோய்ப் பரவலைத் தடுக்க நாடெங்கும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன, கடைகள் மூடப்பட்டன, தேசிய விலங்கியல் பூங்காவின் வாயிலும் மூடப்பட்டது. தொழிற்சாலையை மூடினால் இயந்திரத்தை நிறுத்தலாம். பள்ளியை மூடினால் மணியை நிறுத்தலாம். யானையின் பசியை நிறுத்த இயலுமா? வருவாய் நின்றது, செலவு நிற்கவில்லை. காப்பாளர்கள் வழக்கம்போல் பணிக்கு வந்தனர்.

அந்நிலையில் பூங்கா மக்களிடம் உதவி கோரியது. மக்களும் உதவினர். பணமாகக் கொடுத்தவர் உண்டு; உணவுப் பொருளாகக் கொடுத்தவர் உண்டு; விலங்கொன்றைத் தத்தெடுத்து அதன் உணவுச் செலவை ஏற்றவரும் உண்டு. தத்தெடுத்தல் என்பது விலங்கை வீட்டிற்குக் கொண்டு செல்வதன்று. அது பூங்காவில் இருக்க, அதன் பராமரிப்புக்குப் பொருள் உதவுவதாகும். 1905-இல் நிதியின்றி ஒரு விலங்குச்சாலை மூடப்பட்டதையும், 1942-இல் ஒருவர் தனித்து நின்று தம் விலங்குகளை இழந்ததையும் மேலே கண்டோம். 2020-இல் பூங்கா பிழைத்தது. முன்னையவற்றுக்கும் இதற்கும் இடையே உள்ள வேறுபாடு, தம் பூங்கா என்று கருதிய மக்கள் அதன் பின்னால் நின்றமையே.

அடைத்து வைத்தல் முறையாகுமா?

சிந்திக்கும் மாணவர் ஒருவர் எழுந்து, “ஐயா, காட்டில் வாழ வேண்டிய விலங்கை அடைத்து வைத்தல் பாவமன்றோ?” என்று கேட்பாராயின், அது நல்ல கேள்வியே. வேடிக்கைக்காக மட்டும் அடைத்து வைத்தல் முறையன்று என்பதே நமது விடை. ஆனால், காடே சுருங்கிவிட்ட இடத்தில் நிலைமை வேறு.

1950-களில் மலாயாக் காடுகளில் ஏறத்தாழ மூவாயிரம் புலிகள் இருந்தன என மதிப்பிடப்பட்டது. தோட்டங்களில் விடியற்காலையில் வேலைக்குச் சென்றோர் புலியின் காலடித் தடம் கண்டு திரும்பிய கதைகளை நம் பெரியோர் இன்றும் கூறுவர். 2022-இல் வெளிவந்த தேசியப் புலிக் கணக்கெடுப்பின்படி, காட்டில் எஞ்சியவை நூற்றைம்பதுக்கும் குறைவு. காடு குறைந்ததும், இரை குறைந்ததும், கண்ணி வைத்து வேட்டையாடியதும் இதற்குக் காரணங்கள். நாட்டுச் சின்னத்தில் இரு புறமும் நிற்கும் விலங்கு, நாட்டுக் காட்டில் இல்லாது போகும் நிலை வந்துள்ளது.

இத்தகைய வேளையில் பூங்கா, அழியும் இனத்தின் விதைநெல்லைக் காக்கும் குதிர் போன்றது. மலாய் மொழியில் ‘புரோங் உப்பே’ எனப்படும் பால் நிற நாரை நம் மேற்குக் கரைச் சதுப்பு நிலங்களில் அருகிவந்த பறவை. தேசிய விலங்கியல் பூங்கா அதனைப் பெருக்கி, கோலாசிலாங்கூர், கோலாகூலா ஆகிய கரையோரப் பகுதிகளில் மீண்டும் பறக்கவிட்டது. சீனாவிலிருந்து 2014-இல் வந்த பாண்டாக் கரடி இணை, இங்கு மூன்று குட்டிகளை ஈன்று, 2025-இல் தாயகம் திரும்பியது. விதைநெல் குதிரிலேயே இருந்துவிட்டால் வயல் விளையாது. ஆதலின், காட்டைக் காக்காமல் பூங்காவை மட்டும் காப்பது பயன் தராது என்பதையும் நாம் மறத்தல் ஆகாது.

தோட்ட மக்களின் பங்கு

இப்பணியில் நமக்குப் பங்கில்லை என்று எண்ண வேண்டா. காட்டின் எல்லையில் வாழ்பவர்கள் நாம். காட்டு விலங்கை முதலில் காண்பதும் நாமே. லயத்து முற்றத்தில் குரங்குக் குட்டியைச் சங்கிலியில் கட்டி வளர்ப்பதும், தேவாங்கைப் பிடித்து வந்து பிள்ளைகளுக்கு விளையாட்டுக் காட்டுவதும் சில இடங்களில் வழக்கமாக இருந்து வந்துள்ளன. குட்டி ஒன்று மனிதர் கைக்கு வருகின்றதெனில், பெரும்பாலும் அதன் தாய் கொல்லப்பட்டிருக்கும் என்பதைப் பிள்ளைகளுக்கு எடுத்துரைப்போம். பாதுகாக்கப்பட்ட விலங்குகளை உரிமமின்றி வைத்திருத்தல் 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமுமாகும். அடிபட்ட விலங்கையோ வழிதவறி வந்த விலங்கையோ கண்டால், கல்லெறியாமல் வனவிலங்கு இலாகாவுக்குத் தெரிவிப்பதே முறை.

செம்பனைத் தோட்டங்களில் எலிகளை ஒழிக்கக் கம்பத்தின்மேல் பெட்டி வைத்துக் கூகைகளை வளர்க்கின்றனர். அபசகுனம் என்று நாம் விரட்டிய பறவை, நம் பயிரைக் காக்கும் காவலாளி என்பது இதனால் விளங்கும். ஒவ்வோர் உயிர்க்கும் ஒரு வேலை உண்டு. அதனை அறியும்வரை நமக்கு அது வெறுப்பாகவோ வேடிக்கையாகவோ தோன்றும்.

பூங்காவுக்குச் செல்லும் மாணவர்களே! விலங்கைச் சீண்டாதீர், கண்ணாடியைத் தட்டாதீர், நொறுக்குத் தீனி எறியாதீர். நீங்கள் எறியும் ஒரு நெகிழிப் பை ஒரு மானின் உயிரைப் போக்கக்கூடும். பெயர்ப்பலகையைப் படியுங்கள். காப்பாளரைக் கண்டால் வணக்கம் கூறி, ஐயம் கேளுங்கள். பூங்கா யாருடையது என்று எவரேனும் வினவினால், “எங்களுடையது” என்று தயங்காது கூறுங்கள். அவ்வாறு கூறுவோர் இருக்கும்வரை அதன் வாயிற்கதவு திறந்தே இருக்கும்.

பயிற்சி வினாக்கள்

1. ‘மிருகக்காட்சிச்சாலை’, ‘விலங்கியல் பூங்கா’ ஆகிய சொற்களின் பொருள் வேறுபாட்டை எழுதுக.

2. பசப்பாவின் விலங்குச்சாலை நிலைக்காமற் போனதற்கும், இலண்டன் சங்கத்தின் பூங்கா நிலைத்ததற்கும் உரிய காரணங்களை ஒப்பிடுக.

3. தேசிய விலங்கியல் பூங்கா எவ்வாண்டு, எந்நாளில், யாரால் திறந்து வைக்கப்பட்டது? அதனை நடத்தும் அமைப்பு எது?

4. ஒரு யானை நாளொன்றுக்கு 150 கிலோ தீவனம் உண்ணுமாயின், இரண்டு யானைகளுக்கு 30 நாட்களுக்கு எவ்வளவு தீவனம் தேவைப்படும்?

5. உங்கள் தாத்தா, பாட்டி இளமையில் தோட்டத்தில் கண்ட விலங்குகள், பறவைகள் யாவை எனக் கேட்டு எழுதுக. அவற்றுள் நீங்கள் இன்று காண்பவை எத்தனை எனக் குறிப்பிடுக.